நடுக்கோடு: ஒரு கபடிப் பருவமும் ‘ஊர்’ என்கிற சொல்லும்

1

கவிதையை, நாவலை, கூத்தை, சினிமாவைப் பிரதியாக எடுத்து வாசிக்கப் பழகிய நாம், விளையாட்டை மட்டும் தினத்தாளின் பின்பக்கத்துக்கே விட்டுவைத்திருக்கிறோம். எடப்பாடி வட்டாரத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு நூறு பேரைப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதே வட்டாரத்தில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி ஒட்டினால் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பேர் கூடி வாசிக்கிற ஒரு பிரதியில் உடல், எல்லை, ஊர், சாவு, உயிர்ப்பு ஆகியவை எப்படிப் பொருள்கொள்கின்றன என்று கேட்காமல் பண்பாட்டு விமர்சனம் என்று ஒன்றைச் செய்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது 2022இல் நடந்த புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது பருவம். அதிலும் ‘தமிழ் தலைவாஸ்’ என்கிற அணியின் ஆட்டம்.

ஆட்டத்தின் இலக்கணத்தை முதலில் சொல்லிவிடலாம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட களம். நடுவில் ஒரு கோடு. பக்கத்துக்கு 7 பேர். ‘கபடி கபடி’ என்று விடாமல் பாடிக்கொண்டு ஒருத்தன் கோட்டைத் தாண்டி எதிராளியின் மண்ணுக்குள் போகிறான். யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் தொடப்பட்டவன் வெளியே போக வேண்டும். மடக்கிப் பிடித்து வைத்துக்கொண்டால் பாடிப்போனவன் வெளியே. எதிராளி ஒருத்தன் வெளியேறும்போது நம் பக்கம் செத்தவன் ஒருத்தன் உயிர்த்து உள்ளே வருகிறான். ஒரு பக்கம் முழுசும் காலியானால் மற்றவர்களுக்கு 2 புள்ளி கூடுதல். இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி. பழைய சடுகுடுவில் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் காலம். இப்போது பாடிப்போகிறவனுக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைத்தாயிற்று. இரண்டு முறை வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் போனவன் அவுட். வெறுமனே நேரத்தைக் கடத்துகிற ஆட்டம் தொலைக்காட்சிக்கு ஆகாது என்பதால் வந்த விதி இது. மூச்சின் காலம் கடிகாரக் காலமாக மாறியது சின்ன விஷயமல்ல.

2022 பருவத்துக்கு வருவோம். தமிழ் தலைவாஸ் 2017இல் லீக்குக்குள் வந்த அணி. முதல் நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அடுத்த சுற்றைப் பார்க்கவில்லை. 2019இல் 12 அணிகளில் கடைசி. 2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை கபடியில் யாருக்கும் கொடுக்காத விலை. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில் குஜராத் அணியோடு முதல் ஆட்டம். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள்ளேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்த ஆட்டம் 31–31 என்று சமன். அதோடு பவனுக்குப் பருவம் முடிந்தது. பயிற்சியாளராக இருந்த உதயகுமார் பாதியில் விலக, ஹரியானாக்காரரான அசன் குமார் வந்தார். அதுவரை லீக்கில் ஆடியே இராத நரேந்தர் என்கிற இளைஞர் அந்த ஒரே பருவத்தில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். 22 ஆட்டங்கள் முடிந்தபோது அணி ஐந்தாவது இடம். வெளியேற்றச் சுற்றில் உத்தரப் பிரதேச அணியோடு சமனாகி, சமன்முறியில் 6–4 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 15 அரையிறுதியில் புனே அணியிடம் 37–39. இரண்டே புள்ளியில் போனது. இறுதியில் புனேயை வென்று ஜெய்ப்பூர் கோப்பை எடுத்தது.

கதையாகப் பார்த்தால் இதைவிட நல்ல கதை கிடையாது. ராஜா முதல் நாளே விழுகிறான், பேர் தெரியாத பையன் பாரத்தைச் சுமக்கிறான், கரைசேரும் நேரத்தில் படகு கவிழ்கிறது. ஆனால் இந்தக் கதையாடலின் ஓரத்தில் ஒரு விவரம் இருக்கிறது. அந்தப் பருவத்து ஆட்டங்கள் பெங்களூர், புனே, ஹைதராபாத், மும்பை ஆகிய ஊர்களில் நடந்தன. ‘தமிழ்’ என்று பேர் வைத்த அணி தன் ஆகச்சிறந்த பருவத்தில் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. புள்ளிகளைக் குவித்தவர்களும் பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள்.

அப்படியானால் யார் ஜெயித்தால் நாம் சந்தோஷப்பட்டோம்? எது தோற்றபோது நமக்கு வலித்தது?

2

இந்தக் கேள்விக்கு ரெண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, ‘அணியில் நம்ம பசங்களைப் போடு’ என்பது. இன்னொன்று, ‘விளையாட்டுக்கு மொழியேது, திறமைதான் பார்க்கணும்’ என்பது. இரண்டுமே ‘அணி’ என்கிற பொருள் எப்படி உற்பத்தியாகிறது என்று பார்க்காமல் சொல்கிற பதில்கள்.

எங்கள் பக்கத்தில் கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் நடக்கும். பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கொட்டு ரகம் என்று மூட்டைகளைப் பிரித்துப் போடுவார்கள். வியாபாரிகள் பார்த்து விலை வைப்பார்கள். எந்தக் காட்டில் விளைந்தது, யார் களையெடுத்தது என்பதெல்லாம் மூட்டையின் வாயைக் கட்டியதும் முடிந்துபோகிற விஷயம். கபடி ஏலமும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. 2022இல் ஆட்டக்காரர்களை ஏ, பி, சி, டி என்று நான்கு தரமாகப் பிரித்து, 30 லட்சத்திலிருந்து 6 லட்சம் வரை அடிப்படை விலை வைத்தார்கள். ஏலத்தின் முதல் வேலையே உடலை அது விளைந்த இடத்திலிருந்து துண்டிப்பதுதான். பிறகு அந்த உடல்மேல் வேறொரு இடத்தின் பேரை ஒட்டுகிறார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் சேர்ந்த வினைதான் ‘அணி’.

ஒட்டப்படுகிற பேரையும் வாசிக்க வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் ‘தமிழர் வீர விளையாட்டு’ என்கிற சொல்லை ஒரு அரசியல் சொல்லாக்கியது. அதே வருஷம் ஜூலையில் ‘தமிழ் தலைவாஸ்’ களம் இறங்குகிறது. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிளர்ச்சியில் குறிப்பானாக இருந்த ஒரு சொல் ஆறு மாசத்தில் சட்டையில் அச்சாகிற குறிப்பானாகவும் புழங்க முடிந்தது என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும். ‘தலைவா’ நம் சினிமாக் கொட்டகையின் சொல். அதன் பின்னால் ஆங்கிலப் பன்மை ‘ஸ்’. அணியின் உரிமையாளர்களாக அறிவிக்கப்பட்டவர்களில் சச்சின் டெண்டுல்கரும் தெலுங்குத் திரையுலகின் சிரஞ்சீவியும் இருந்தார்கள். விளம்பர முகம் கமல்ஹாசன். இதில் தூய்மைவாதிகள் கோபப்பட ஒன்றுமில்லை. பேர் என்பது எப்போதுமே யாரோ வைப்பதுதான். பிரச்சினை, பேருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த கடப்பாடு கழன்றுபோனதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் சென்னைக்கு ஆட்டம் வந்தது, 2024இல் மறுபடி வரவில்லை, 2025இல் வந்தது. வருவதும் வராததும் ரசிகன் கையில் இல்லை.

கிரிக்கெட்டில் இது இன்னும் பட்டவர்த்தனம். தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் தூத்துக்குடி பேரில் இருந்த அணி 2021இல் ‘சேலம் ஸ்பார்ட்டன்ஸ்’ ஆகிவிட்டது. காரைக்குடி அணி திருப்பூர் ஆகிவிட்டது. தூத்துக்குடியில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் மறுநாள் காலையில் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் இங்கே நிலம் இல்லை. கழற்றி மாட்டுகிற பலகை.

3

ஏலமே இல்லாமல் ஒரு பெரிய விளையாட்டுப் பருவம் நடக்க முடியுமா? நடக்கிறது. அயர்லாந்தில் ஹர்லிங் என்கிற ஆட்டம்.

பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் இழைத்த, நுனி அகன்ற மட்டை. சின்னத் தோல் பந்து. கோல் கம்பங்களுக்கு நடுவில் குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் 1 புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் கோல், அது 3 புள்ளிக்குச் சமம். 1884இல், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ், மைக்கேல் குசாக் முதலானோர் தர்லஸ் என்கிற ஊரில் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் ஆட்டத்துக்குப் பதில் நம் ஆட்டம் என்பதுதான் அதன் அடிநாதம். 1887 முதல் அகில அயர்லாந்துப் போட்டி நடக்கிறது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் (அன்று நடந்துகொண்டிருந்தது சங்கத்தின் இன்னொரு ஆட்டமான கேலிக் கால்பந்து) பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் செத்தார்கள். விளையாட்டு மைதானம் தேசத்தின் ரத்தம் சிந்திய மண்ணாகவும் ஆனது இப்படித்தான்.

அங்கே கட்டமைப்பு இப்படி இருக்கிறது. தேவாலயப் பங்கு ஒன்றுக்கு ஒரு மன்றம் இருக்கும். மன்றங்களில் நன்றாக ஆடுகிறவர்கள் தங்கள் கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) ஆடுவார்கள். கவுண்டிகள் மன்ஸ்டர், லென்ஸ்டர் என்று இரண்டு மாகாணப் பிரிவுகளில் ஒன்றோடொன்று மோதி, பிறகு அகில அயர்லாந்துச் சுற்றுக்கு வரும். வாங்குவது விற்பது கிடையாது. பிறந்த, வளர்ந்த, குடியிருக்கிற இடம்தான் அணி. சம்பளமும் கிடையாது, போக்குவரத்துச் செலவு மாதிரியான படிகள்தான். 2024 ஜூலை 21 அன்று 82,000 பேர் பார்க்க நடந்த இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கிளேர் 3 கோல் 29 புள்ளி, கார்க் 1 கோல் 34 புள்ளி. கூட்டிப் பார்த்தால் 38–37. ஒரே புள்ளி. 2005க்குப் பிறகு கோப்பையே பார்க்காத கார்க், அதற்கு முன்னால் தொடர்ந்து நான்கு வருஷம் ஜெயித்திருந்த லிமெரிக்கை அரையிறுதியில் வீழ்த்திவிட்டு வந்திருந்தது. ஜெயித்தவனும் தோற்றவனும் சில நாளில் பள்ளிக்கூடத்துக்கோ பண்ணைக்கோ அலுவலகத்துக்கோ திரும்பிப் போக வேண்டும். தோற்ற ஆட்டக்காரன் கடைவீதியில் பார்க்கிற முகங்கள் எல்லாம் அவனோடு சேர்ந்து தோற்ற முகங்கள். 2022இல் புனேயிடம் இரண்டு புள்ளியில் தோற்ற நரேந்தருக்கு இப்படித் திரும்பிப் போக ஒரு தமிழ்த் தெரு இல்லை. நமக்கும் அவர் தோளில் கைபோட வழியில்லை. இது யார் தப்பும் இல்லை, அமைப்பின் விளைவு.

ஆனால் ஹர்லிங்கைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. மண்ணின் ஆட்டம் என்கிற சொல்லாடல் சும்மா இருக்காது, வேலி போடும். அந்நிய ஆட்டங்களை ஆடினாலோ, போய்ப் பார்த்தாலோகூட உறுப்பினரை நீக்கலாம் என்கிற விதியை அந்தச் சங்கம் 1971 வரை வைத்திருந்தது. நாட்டின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் 1938இல் ஒரு கால்பந்தாட்டத்தைப் பார்க்கப் போனார் என்பதற்காகச் சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்தே அவரை எடுத்துவிட்டார்கள். ஐரிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் வாழ்நாள் பூராவும் உழைத்த மனிதருக்கே இந்தக் கதி. அடுத்தது காசு. நுழைவுச்சீட்டிலும் தொலைக்காட்சி உரிமையிலும் பணம் புரளும்போது ஆடுகிறவனுக்கு மட்டும் ஊர்ப்பெருமையே கூலி என்றால், அது யாருடைய உழைப்பு? ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று 1999இல் தனிச் சங்கம் வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

ஆக, ஏலம் உடலை ஊரிலிருந்து பிய்த்தெடுக்கிறது. ஹர்லிங் உடலை ஊரோடு ஆணியடித்து வைக்கிறது. இரண்டில் எது நமக்கு என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் அயர்லாந்துக்காரர்களிடமிருந்து பிரிகிறோம்.

4

‘ஊர்’ என்கிற சொல்லை நாம் அப்பாவித்தனமாகச் சொல்ல முடியாது. தமிழில் ஊருக்கு எதிர்ச்சொல் காடு இல்லை, சேரி. ‘ஊர் அணி’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தச் சொல் ஒரு கோட்டைப் போட்டுவிடுகிறது. கோவில் திருவிழாவையொட்டி நடக்கிற ஆட்டத்தில் யார் பேர் கொடுக்கலாம், யார் தெரு அணி எந்தப் பேரில் வரலாம், ஜெயித்தால் எந்த வீதி வழியாக ஊர்வலம் போகலாம் என்பதெல்லாம் ஆட்ட விதிப் புத்தகத்தில் இல்லாத விதிகள். இவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய ‘பியாண்ட் எ பவுண்டரி’யில் டிரினிடாட் தீவின் கிரிக்கெட் மன்றங்கள் தோலின் நிறத்தை வைத்துப் பிரிந்து கிடந்ததை விவரிக்கிறார். கறுத்த கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு ஷானன், மாநிறக்காரர்களுக்கு மேப்பிள். கறுப்பரான ஜேம்ஸ் மேப்பிளில் சேர்ந்தார். அந்தத் தேர்வு தன் அரசியலைப் பல வருஷம் பின்னுக்கு இழுத்தது என்று அவரே எடைபோடுகிறார். மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு அரசியல் செயல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் தேர்ந்தெடுக்கிற சிரமம்கூட இல்லை. பிறப்பே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது.

கபடியின் இலக்கணத்தை இந்த வெளிச்சத்தில் திரும்ப வாசித்தால் வேறொன்று தெரிகிறது. இது தொடுகிற ஆட்டம். கிரிக்கெட்டில் மட்டையும் பந்தும் நடுவில் இருக்கின்றன. ஹர்லிங்கிலும் கையில் மட்டை இருக்கிறது. கபடியில் நடுவில் ஒன்றுமே இல்லை. உடல், எதிரே இன்னொரு உடல், அவ்வளவுதான். தொட்டால் புள்ளி. தொடப்பட்டவன் வெளியே போகிறான். ஆனால் நிரந்தரமாக அல்ல. அவன் அணிக்காரன் இன்னொருத்தனைத் தொட்டால் இவன் திரும்பி வரலாம். தொடுவதைத் தீட்டாக்கி, தொட்டவனை நிரந்தரமாக வெளியே நிறுத்திய ஒரு சமூகத்தில், தொடுதலை விதியாகவும் வெளியேற்றத்தைத் தற்காலிகமாகவும் வைத்திருக்கிற ஆட்டம் இது. ஏழு பேர் சேர்ந்து ஒருத்தனைக் கட்டிப் புரளும்போது வேர்வை யாருடையது என்று பிரிக்க முடியாது. களத்துக்குள் நாற்பது நிமிஷம் சாதியின் இலக்கணம் தலைகீழாகிறது. விசில் ஊதியதும் பழைய இலக்கணம் திரும்ப வந்துவிடுகிறது என்பதும் உண்மை. சில இடங்களில் அது விசிலுக்குக் காத்திருப்பதுமில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர்; அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 அக்டோபரில் வெளிவந்தது. அந்தப் படத்தில் ஊர்தான் ஆட்டக்காரனை உண்டாக்குகிறது. ஊர்தான் அவனைக் கொல்லவும் பார்க்கிறது. வெளியே போவதுதான் பிழைக்க வழி. ‘ஊருக்குத் திரும்பு’ என்று இப்படிப்பட்ட ஒருத்தனிடம் நாம் எந்த வாயால் சொல்வது?

ஏலத்தை இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏலம் உடலை இடத்திலிருந்து துண்டிக்கிறது என்றேன். அந்தத் துண்டிப்பு சிலருக்கு விடுதலை. பிறந்த தெருவைச் சொல்லி அழைக்கப்பட்டவன் இப்போது ஒரு எண்ணாலும் விலையாலும் அறியப்படுகிறான். விலை கேவலமான அளவுகோல்தான். ஆனால் அது பிறப்பு என்கிற அளவுகோலைவிடக் கேவலமா என்று, பிறப்பால் சௌகரியப்பட்டவர்கள் மட்டும் கூடி முடிவு செய்ய முடியாது. சந்தை எல்லாவற்றையும் சமமாக்கும் என்கிற பெருங்கதையாடலை நம்பச் சொல்லவில்லை. சந்தையின் வாசலுக்கு வந்து சேர்வதற்கே சமமில்லாத பாதைதான் இருக்கிறது. அந்தப் பாதையைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

5

விசைத்தறி ஓடுகிற ஊர்களில் ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று தறி நிற்காது. ஷிப்ட் முடிந்து வருகிற பையன் நூல் தூசியைத் துடைத்துக்கொண்டு மண் களத்தில் பழகுகிறான். பொங்கலுக்கும் பண்டிகைக்கும் நடக்கிற மின்னொளி ஆட்டங்களில் அணி ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் கட்டி ஆடுகிறான். பரிசுத்தொகை வந்தால் பங்கு. கை பிசகினால் தறிக்குப் போக முடியாது, கூலி போச்சு. லீக் ஆடுவது மெத்தை விரித்த தரையில். இவன் ஆடுவது மண்ணில். இரண்டுக்கும் கால் வைக்கிற விதமே வேறு. லீக்கில் ‘புதிய இளம் ஆட்டக்காரர்’ என்று ஒரு தனி வகை வைத்து ஏலத்துக்கு வெளியே எடுக்கிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் மின்னொளி ஆட்டத்துக்கும் அந்த வகைக்கும் நடுவில் படிக்கட்டு எங்கே? பள்ளி, கல்லூரி, போலீஸ், ரயில்வே, வங்கி அணிகள் என்று சில படிகள் உண்டு. படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தித் தறிக்குப் போனவனுக்கு முதல் படியே எட்டாது.

ஹர்லிங்கிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான்: மன்றம், கவுண்டி, அகில அயர்லாந்து என்கிற அறுபடாத ஏணி. மண்ணின் மகிமை அதில் ஒட்டிக்கொண்டு வருகிற சரக்கு, அதை விட்டுவிடலாம். 2018இல் லிமெரிக் 45 வருஷத்துக்குப் பிறகு கோப்பை எடுத்தபோது அந்தக் கோப்பைக்குப் பின்னால் பல வருஷச் சிறுவர் பயிற்சி இருந்தது.

பெண்களுக்கு இந்த ஏணியில் பாதிக்கூட இல்லை. 2016இல் லீக்கோடு சேர்த்து மூன்று அணிகளை வைத்துப் பெண்கள் போட்டி ஒன்றை நடத்திப் பார்த்தார்கள், அது தொடரவில்லை. ஆனாலும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னையிலிருந்து ஒரு பெண் இருந்தார். கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். வேலை கேட்டுப் போகிறவர்கள் சொல்லத் தயங்கிய முகவரி அது. அந்த முகவரியையே பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டு அவர் வந்தார். இங்கே ஊர்ப்பேர் ஏலத்தில் ஒட்டிய பலகையும் இல்லை, பரம்பரைப் பெருமையும் இல்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பேர்.

ஊர் என்கிற சொல்லுக்கு இப்படி மூன்றாவது அர்த்தம் ஒன்று சாத்தியம் என்றுதான் படுகிறது. பிறப்பு கொடுத்ததும் இல்லாமல், விலை கொடுத்ததும் இல்லாமல், ஆடி ஆடி உண்டாக்கிக்கொள்கிற ஊர். அதற்குச் சில எளிய காரியங்கள் வேணும். தமிழ் என்று பேர் வைத்துக்கொள்கிற அணி வருஷம் தவறாமல் இந்த மண்ணில் ஆட வேண்டும், அதுவும் சென்னையில் மட்டுமல்ல. மாவட்டத்துக்கு மாவட்டம் கூலி கொடுக்கிற, அடிபட்டால் வைத்தியம் பார்க்கிற பருவ ஆட்டங்கள் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் தெருப் பையனும் பெண்ணும் தன் தெருவின் பேரிலேயே வந்து நடுக்கோட்டில் நிற்க முடிய வேண்டும். 2022இல் இரண்டு புள்ளியில் தோற்றது பெரிய நஷ்டமில்லை. அந்தக் கோட்டருகே வரவே முடியாமல் போன உடல்களின் கணக்கு எந்தப் பலகையிலும் ஏறவில்லை. நம் விமர்சனம் வாசிக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.